பழைய ஸ்ப்ளெண்டர் ஸ்டார்ட் ஆகவில்லையா, ஐடிலில் நிற்கவில்லையா? பாகம் வாங்கும் முன் வரிசையாகச் செய்ய வேண்டியவை

வீட்டில் நெடுநாள் சும்மா நின்ற பழைய பைக்கைத் திரும்ப ஓட்ட நினைப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். அப்பா ஓட்டிய ஹீரோ ஹோண்டா ஸ்ப்ளெண்டர் என் கைக்கு வந்தபோது சோக் போட்டால் ஸ்டார்ட் ஆகும், சோக்கை எடுத்தால் அணைந்துவிடும். ஒரு பட்டறையில் சி.டி.ஐ. (பிளக்கில் பொறி வரும் நேரத்தை முடிவு செய்யும் எலக்ட்ரானிக் பெட்டி) மாற்றினார்கள். இன்னொன்றில் பிளக்குக்கு மின்சாரம் தரும் இக்னிஷன் காயிலும் பிளக்கும் மாற்றினார்கள். மூன்றாவது இடத்தில் புது கார்புரேட்டர் (பெட்ரோலையும் காற்றையும் கலந்து எஞ்சினுக்கு அனுப்பும் பாகம்) போடச் சொன்னார்கள். உண்மையான கோளாறு, ஆக்ஸிலேட்டரை விட்ட நிலையில் பெட்ரோல் தரும் ஸ்லோ ஜெட் என்ற சின்னத் துளையில் இருந்த அடைப்பும், கார்புரேட்டருக்கும் எஞ்சினுக்கும் நடுவே தட்டையாகிப்போன ஓ-ரிங் என்ற ரப்பர் வளையமும்தான். இரண்டையும் சரிசெய்ய ஆன செலவு, மாற்றிய பாகங்களின் விலையில் ஒரு சிறு பங்கு.

மெக்கானிக்குகளைக் குறை சொல்வதற்காக இதைச் சொல்லவில்லை. பட்டறையில் வரிசையாக வண்டிகள் காத்திருக்கும்போது ஒரு பழைய வண்டிக்காக அரை நாள் உட்கார்ந்து தேட அவர்களால் முடியாது. பாகத்தை மாற்றிப் பார்ப்பதுதான் அவர்களுக்கு வேகமான வழி. நமக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை இருக்கிறது. தேடும் வேலையை நாமே செய்யலாம்.

கீழே சொல்வது கார்புரேட்டர் உள்ள வண்டிகளுக்கு மட்டும். 2020 ஏப்ரல் 1 முதல் பி.எஸ்.6 புகை விதி கட்டாயமான பிறகு வந்த பைக்குகள் பெரும்பாலும் ஃப்யூயல் இன்ஜெக்‌ஷன், அவற்றுக்கு இந்த முறை பொருந்தாது. அளவுகளை 97.2 சி.சி. ஸ்ப்ளெண்டரை வைத்துச் சொல்கிறேன். அதே நிறுவனத்தின் சி.டி.100, பேஷன் வைத்திருப்பவர்களுக்கும் ஏறக்குறைய அப்படியே பொருந்தும். வேறு வண்டி என்றால் வரிசை இதுதான், அளவுகளை மட்டும் உங்கள் வண்டியின் புத்தகத்தில் பார்த்துக்கொள்ளுங்கள்.

1. கையில் இருக்க வேண்டியவையும் செலவும்

16 மி.மீ. பிளக் ஸ்பேனர், நல்ல முனையுள்ள ஸ்டார் மற்றும் ஃப்ளாட் ஸ்க்ரூ டிரைவர்கள், 8, 10, 12 அளவு ஸ்பேனர்கள், மெல்லிய இடைவெளியை அளக்கும் ஃபீலர் கேஜ், ஒரு கார்ப் கிளீனர் ஸ்ப்ரே, பழைய டூத் பிரஷ், பெட்ரோல் பிடிக்க ஒரு கண்ணாடி பாட்டில். கரண்ட் கோளாறாக இருந்தால் ஒரு சாதாரண மல்டிமீட்டரும் தேவைப்படும். எதுவுமே இல்லாமல் தொடங்கினால் எல்லாம் சேர்த்து ஆயிரம் முதல் ஆயிரத்து ஐந்நூறு ரூபாய் ஆகலாம். ஸ்பேனர்கள் வீட்டில் இருந்தால் பாதிதான்.

பாகங்களில் முன்கூட்டி வாங்கி வைக்க வேண்டியது ஒரு புது பிளக் மட்டுமே. 100 முதல் 150 ரூபாய்க்குள் கிடைக்கும். மற்ற எதையும் இப்போது வாங்காதீர்கள். எலக்ட்ரிக்கல் பாகங்களைக் கடைக்காரர்கள் பொதுவாகத் திரும்ப எடுத்துக்கொள்வதில்லை.

வேலையைக் காற்றோட்டமான திறந்த இடத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பெட்ரோல் திறந்திருக்கும் வேலை இது. பூஜை விளக்கு, பீடி, கேஸ் அடுப்பு எதுவும் பக்கத்தில் இருக்கக் கூடாது.

2. எப்படி மக்கர் செய்கிறது என்று எழுதி வையுங்கள்

"ஸ்டார்ட் ஆகவில்லை" என்பது மட்டும் போதாது. எந்த நேரத்தில், எந்த நிலையில் என்பதில்தான் பாதி விடை இருக்கிறது.

சோக் போட்டால் ஓடுகிறது, எடுத்தால் அணைகிறது என்றால் பெட்ரோல் போதவில்லை அல்லது காற்று அதிகம். ஸ்லோ ஜெட் அடைப்பு, காற்றுக் கசிவு இரண்டையும் சந்தேகப்படுங்கள். ஆக்ஸிலேட்டர் பிடித்திருக்கும்வரை ஓடுகிறது, விட்டால் நிற்கிறது என்றாலும் அதே பக்கம்தான். ஐடில், அதாவது ஆக்ஸிலேட்டரை விட்ட நிலையில் எஞ்சின் ஓடும் வேகம், தானாக ஏறி இறங்குகிறது, அல்லது ஆக்ஸிலேட்டரை விட்ட பிறகும் வேகம் இறங்க நேரம் எடுக்கிறது என்றால் முதலில் காற்றுக் கசிவு.

காலையில் ஒழுங்காக ஸ்டார்ட் ஆகி, சூடானதும் நின்று, ஆறினால் மறுபடி ஸ்டார்ட் ஆவது வேறு வகை. டேப்பெட் (வால்வின் தலையில் விட வேண்டிய இடைவெளி) இறுக்கமாக இருக்கலாம், அல்லது சூட்டில் ஏதோ ஒரு காயில் வேலையை நிறுத்துகிறது. சில கிலோமீட்டர் ஓடி நின்று, டேங்க் மூடியைத் திறந்து மூடியதும் ஓடினால், மூடியில் இருக்கும் காற்றுத் துளை அடைத்திருக்கிறது. அதைச் சுத்தம் செய்தால் வேலை முடிந்தது, மீதிக் கட்டுரையைப் படிக்க வேண்டியதில்லை.

3. பெட்ரோல் வருகிறதா, நல்ல பெட்ரோலா

பத்து நிமிட வேலை. பெட்ரோல் டேப்பிலிருந்து கார்புரேட்டருக்குப் போகும் டியூபைக் கழற்றி பாட்டிலில் விடுங்கள். 'ஆன்' நிலையிலும் 'ரிசர்வ்' நிலையிலும் தடையின்றி ஓட வேண்டும். சொட்டுச் சொட்டாக வந்தால் டேப்பின் உள்ளே இருக்கும் வலை அடைத்திருக்கிறது. 'ஆன்'-இல் வரவில்லை, 'ரிசர்வ்'-இல் வருகிறது என்றால் டேங்கில் பெட்ரோல் குறைவு. அதையும் பார்த்துவிடுங்கள், இது நடக்கும்.

பிடித்த பெட்ரோலைப் பத்து நிமிடம் அசையாமல் வையுங்கள். அடியில் தனியாக ஒரு படலம் பிரிந்து நின்றால் தண்ணீர் சேர்ந்திருக்கிறது. செம்மண் போலத் துகள் படிந்தால் டேங்கில் துரு. பெட்ரோல் அடர் மஞ்சளாகி, வார்னிஷ் வாடை வீசினால் கெட்டுப்போய்விட்டது. இப்போது பெட்ரோல் பங்க்குகளில் கிடைப்பது 20 சதவீதம் வரை எத்தனால் கலந்த பெட்ரோல். எத்தனால் காற்றிலிருக்கும் ஈரத்தை இழுக்கும், அளவு மீறினால் தண்ணீரோடு சேர்ந்து அடியில் பிரிந்து நிற்கும். மழைக்காலம் முழுக்க ஓட்டாமல் நிறுத்திய வண்டியில் இது சாதாரணமாக நடக்கிறது. பழைய பெட்ரோலை முழுக்க இறக்கிவிட்டு இரண்டு லிட்டர் புதியதை ஊற்றுங்கள். பழையதோடு புதியதைக் கலந்து சமாளிக்கப் பார்த்தால் கார்புரேட்டரை இரண்டு முறை கழற்ற வேண்டி வரும்.

இறக்கிய பெட்ரோலைச் சாக்கடையில் ஊற்றாதீர்கள். பாகங்கள் கழுவ மெக்கானிக் பட்டறைகளில் வாங்கிக்கொள்வார்கள்.

துரு அதிகமென்றால் டேங்கைக் கழற்றிச் சுத்தம் செய்துவிட்டு மேலே போங்கள். அதுவரை டியூபின் நடுவில் ஒரு சின்ன பெட்ரோல் ஃபில்டர் போட்டுக்கொள்ளலாம். சில பத்து ரூபாய்தான்.

4. பிளக்கும் கரண்டும்

முதலில் பிளக்கைச் சுற்றியுள்ள மண்ணைக் காற்றடித்தோ பிரஷ்ஷாலோ நீக்குங்கள். பிளக்கைக் கழற்றியதும் அந்த மண் நேராக சிலிண்டருக்குள் விழும்.

கழற்றிய பிளக்கின் முனையைப் பாருங்கள். காப்பித்தூள் நிறத்தில் உலர்ந்திருந்தால் எஞ்சின் சரியாக எரிகிறது. கரி போல உலர்ந்த கறுப்பு என்றால் பெட்ரோல் அதிகம், காற்று குறைவு. எண்ணெய்ப் பிசுக்கோடு கறுப்பு என்றால் எஞ்சின் ஆயில் மேலே ஏறுகிறது. வெள்ளையாக வெளிறியிருந்தால் காற்று அதிகம். பலமுறை உதைத்த பிறகும் முனை ஈரமே இல்லாமல் இருந்தால் பெட்ரோல் சிலிண்டரை அடையவே இல்லை, நேராக 7-ஆம் படிக்குப் போகலாம். நனைந்து பெட்ரோல் வாடை அடித்தால் பெட்ரோல் வருகிறது, எரியவில்லை. அப்போது கரண்டைச் சோதிக்க வேண்டும்.

சோதிக்கும் முறை இது. பெட்ரோல் டேப்பை மூடுங்கள். பிளக்கை அதன் கேப்பில் மாட்டி, பிளக்கின் இரும்பு உடம்பு எஞ்சினின் பெயின்ட் இல்லாத இடத்தில் நன்றாகத் தொடும்படி வையுங்கள். பிளக் துளைக்குப் பக்கத்தில் வைக்காதீர்கள். உதைக்கும்போது அந்தத் துளையிலிருந்து பெட்ரோல் ஆவி பீய்ச்சி அடிக்கும், தீப்பொறி பட்டால் பற்றிக்கொள்ளும். துளையை ஒரு துணியால் மூடிவிடுங்கள். சாவியை ஆன் செய்து வேகமாக உதையுங்கள். நீலமாக, 'டிக் டிக்' என்று சத்தம் கேட்கும்படி பொறி வந்தால் நல்லது. மஞ்சளாக, இழை இழையாக வந்தால் பலவீனம். நிழலில் வைத்துப் பாருங்கள், வெயிலில் நல்ல பொறிகூடக் கண்ணுக்குத் தெரியாது.

இங்கே ஒரு எச்சரிக்கை. பிளக்கை எஞ்சினில் தொடவிடாமல், கேப்பை வெறுமனே தொங்கவிட்டு உதைக்காதீர்கள். போக இடமில்லாத மின்சாரம் காயிலையோ சி.டி.ஐ.யையோ எரித்துவிடலாம். நன்றாக இருந்த பாகம் சோதனையிலேயே கெட்டுப்போவது இப்படித்தான்.

புது பிளக் போடும்போது இடைவெளியை ஃபீலர் கேஜால் பாருங்கள். பழைய ஸ்ப்ளெண்டருக்கு 0.6 முதல் 0.7 மி.மீ. பிந்தைய மாடல்களில் சற்றுக் கூடுதல், பிளக்கின் எண்ணைப் பார்த்து வாங்குங்கள். மரையை ஸ்பேனரால் தொடங்காதீர்கள். முதலில் விரலாலேயே கடைசிவரை சுற்றிவிட்டு, புது பிளக்கென்றால் மேலும் அரைச் சுற்று, பழையதென்றால் கால் சுற்றுக்குள் இறுக்கினால் போதும். ஹெட் அலுமினியம். மரை போனால் லேத்தில் கொடுத்து புஷ் போட வேண்டும், ஹெட்டைக் கழற்றும் செலவும் சேரும்.

5. பொறி வரவில்லை என்றால்

விலை குறைந்ததிலிருந்து தொடங்குங்கள். புது பிளக் போட்டுப் பாருங்கள். வரவில்லையா, பிளக் கேப்பை ஒயரிலிருந்து திருகிக் கழற்றுங்கள். ஒயரின் நுனி பச்சை பூத்திருந்தால் அரை அங்குலம் வெட்டிவிட்டுப் புதிய நுனியில் கேப்பைத் திருகுங்கள். ரெசிஸ்டர் வைத்த கேப்பாக இருந்தால் மல்டிமீட்டர் ஏறக்குறைய 5 கிலோ ஓம் காட்டும். எதுவுமே காட்டவில்லை என்றால் கேப் போய்விட்டது. ஐம்பது, நூறு ரூபாய்க்குள் முடியும் விஷயம். இதை விட்டுவிட்டு சி.டி.ஐ. மாற்றுபவர்கள் ஏராளம்.

அடுத்து சாவி ஸ்விட்ச். பழைய ஸ்ப்ளெண்டரில் சி.டி.ஐ.க்கு மின்சாரம், எஞ்சினோடு சுழன்று மின்சாரம் தரும் மேக்னெட்டிலிருந்து நேராக வருகிறது. பேட்டரி செத்திருந்தாலும் வண்டி ஸ்டார்ட் ஆகும். சாவியை ஆஃப் செய்யும்போது கறுப்பில் வெள்ளைக் கோடு போட்ட ஒயர் எர்த் ஆகி எஞ்சின் நிற்கிறது. சாவி ஸ்விட்சுக்குள் தண்ணீர் இறங்கியிருந்தால் சாவி ஆனில் இருந்தாலும் அந்த ஒயர் எர்த் ஆகிக்கொண்டே இருக்கும். சாவி ஸ்விட்சிலிருந்து வரும் கப்ளரில் அந்த ஒயரை மட்டும் பிரித்துவிட்டு உதைத்துப் பாருங்கள். பொறி வந்துவிட்டால் கோளாறு ஸ்விட்சில். சோதனைக்கு மட்டும் இப்படிச் செய்யுங்கள், அப்புறம் சாவியை எடுத்தாலும் வண்டி நிற்காது. கியரில் போட்டு பிரேக்கைப் பிடித்துக் கிளட்சை விட்டுத்தான் நிறுத்த வேண்டும்.

பிந்தைய மாடல்கள் பலவற்றில் சி.டி.ஐ. பேட்டரி மின்சாரத்தில் வேலை செய்கிறது. அவற்றில் முதலில் பேட்டரி, ஃப்யூஸ். சாவி ஆன் செய்யும்போது பேட்டரியில் 12 வோல்ட்டுக்குக் குறைந்தால் அதை சார்ஜ் செய்துவிட்டுத் தொடருங்கள்.

இதற்கும் மேலே சி.டி.ஐ., அதற்குப் பொறி நேரத்தைச் சொல்லும் பல்சர் காயில், மேக்னெட் காயில் என்று போகும். சி.டி.ஐ.யை வீட்டில் அளந்து பார்க்க வழியில்லை. அதே மாடல் வண்டி வைத்திருக்கும் நண்பரிடம் ஐந்து நிமிடம் கடன் வாங்கி மாட்டிப் பாருங்கள், கப்ளரைச் சொருகினால் போதும். அதிலும் வரவில்லை என்றால் காயில் பக்கம்தான் கோளாறு. அதற்கு இடது பக்க மேக்னெட் கவரைத் திறக்க வேண்டும், புதியவர்கள் இந்த இடத்தில் எலக்ட்ரீஷியனிடம் போவது நல்லது.

6. ஏர் ஃபில்டர், கேபிள்

ஏர் ஃபில்டர் ஸ்பாஞ்ச் வகை என்றால் டீசலில் அலசி, பிழிந்து, நிழலில் உலர்த்தி, சில சொட்டு எஞ்சின் ஆயில் விட்டுப் பிசைந்து மாட்டுங்கள். பேப்பரில் பிசுபிசுப்பான எண்ணெய் பூசி வரும் வகையைக் கழுவவும் கூடாது, காற்றடிக்கவும் கூடாது, மாற்றத்தான் வேண்டும். ஃபில்டரே இல்லாமல் ஓட்டிப் பார்க்காதீர்கள், அந்த நிலையில் செய்யும் எந்த செட்டிங்கும் ஃபில்டர் போட்டதும் மாறிவிடும். எலி கூடு கட்டியிருக்கிறதா என்று ஃபில்டர் பெட்டிக்குள் கைவிட்டுப் பார்ப்பதும் அவசியம்.

ஹேண்டிலை இடமும் வலமும் முழுக்கத் திருப்புங்கள். ஐடில் வேகம் மாறினால் ஆக்ஸிலேட்டர் கேபிள் எங்கோ இழுபடுகிறது. ஆக்ஸிலேட்டரில் சில மில்லிமீட்டராவது சும்மா சுற்றும் இடம் இருக்க வேண்டும்.

7. கார்புரேட்டர்: அரை நாளை இதற்கு ஒதுக்குங்கள்

நெடுநாள் நின்ற வண்டியில் பெரும்பாலும் கோளாறு இங்கேதான். பெட்ரோல் காய்ந்து, பிசினாகி, மிகச் சிறிய துளைகளை அடைத்துவிடுகிறது. பெரிய மெயின் ஜெட் தப்பித்துவிடும், அதனால்தான் ஆக்ஸிலேட்டர் திருகினால் வண்டி ஓடுகிறது. ஸ்லோ ஜெட் அடைபடும், அதனால்தான் ஐடிலில் நிற்பதில்லை.

கழற்றும் முன் ஒவ்வொரு கோணத்திலும் போட்டோ எடுங்கள். அப்புறம் மிக்சர் ஸ்க்ரூ, அதாவது ஐடிலில் காற்று, பெட்ரோல் கலவையைக் கூட்டிக் குறைக்கும் திருகு. அதை வெளியே எடுக்கும் முன், உள்பக்கமாக மெதுவாகத் திருகி, எத்தனை சுற்றில் அடியைத் தொடுகிறது என்று எண்ணிக் காகிதத்தில் எழுதுங்கள். அடியைத் தொட்டதும் நிறுத்திவிட வேண்டும். அழுத்தினால் ஊசிமுனை நசுங்கும், பிறகு எந்த செட்டிங்கும் நிற்காது.

கார்புரேட்டரின் அடியில் பெட்ரோல் தேங்கும் ஃப்ளோட் கிண்ணத்தைத் திறந்ததும் அடியில் படிந்திருப்பதைப் பாருங்கள். பச்சைப் படிவம், துரு, ஜெல்லி போன்ற கசடு எதுவாக இருந்தாலும் உங்கள் சந்தேகம் சரி. அதற்குள் இருக்கும் மிதவையான ஃப்ளோட்டைக் காதருகே குலுக்குங்கள். உள்ளே சலசலத்தால் ஓட்டை விழுந்து பெட்ரோல் புகுந்திருக்கிறது, மாற்றுங்கள். ஃப்ளோட் ஊசியின் நுனியில் வளையம் போலத் தேய்ந்திருந்தால் பெட்ரோல் நிற்காமல் ஓவர்ஃப்ளோ ஆகும், அதையும் மாற்றுங்கள். அதன் கூடவே இருக்கும் சின்ன ஸ்ப்ரிங் பறந்து போகாமல் ஒரு தட்டின் மேல் வைத்துக் கழற்றுங்கள்.

ஸ்லோ ஜெட்டைக் கழற்றி வானத்தை நோக்கிப் பிடித்து ஒற்றைக் கண்ணால் பாருங்கள். நடுவில் ஒரு புள்ளி வெளிச்சம் வட்டமாகத் தெரிய வேண்டும். தெரியவில்லை, அல்லது பிறை வடிவில் தெரிகிறது என்றால் அடைப்பு. கார்ப் கிளீனரில் ஊறப்போட்டு, ஸ்ப்ரே அடித்து, மறுபடி பாருங்கள். மிகவும் பிடிவாதமாக இருந்தால் மல்டிஸ்ட்ராண்ட் ஒயரிலிருந்து உருவிய ஒரே ஒரு செம்பு இழையை நுழைக்கலாம். ஊக்கு, குண்டூசி, ஸ்டீல் கம்பி வேண்டவே வேண்டாம். பித்தளை மெது, துளை கொஞ்சம் பெரிதானாலும் பெட்ரோல் அளவு மாறி, வண்டி ஐடிலில் புகைத்துக்கொண்டே இருக்கும். சில கார்புரேட்டர்களில் ஸ்லோ ஜெட் கழற்ற முடியாதபடி அழுத்திப் பொருத்தியிருக்கும். அவற்றில் ஸ்ப்ரேயும் காற்றும் மட்டுமே வழி.

ஜெட் சுத்தமானால் போதாது. உடம்புக்குள் ஓடும் வழிகளும் திறந்திருக்க வேண்டும், பலர் விட்டுவிடுவது இதைத்தான். மிக்சர் ஸ்க்ரூ இருந்த துளையிலும், ஸ்லோ ஜெட் இருந்த துளையிலும் ஸ்ப்ரே குழாயை வைத்து அடியுங்கள். எஞ்சின் பக்கத்துப் பெரிய துவாரத்தின் சுவரில் இருக்கும் சின்னச் சின்னத் துளைகள் வழியே ஸ்ப்ரே பீய்ச்சி வர வேண்டும். கண்ணாடி போடாமல் இதைச் செய்யாதீர்கள், எந்தத் துளையிலிருந்து கண்ணுக்கு அடிக்கும் என்று சொல்ல முடியாது. ஸ்ப்ரே படும் முன் ரப்பர் வளையங்கள் எல்லாவற்றையும் எடுத்துவிடுங்கள், ரப்பர் ஊதிவிடும். வீட்டில் கம்ப்ரசர் கிடையாது என்று கவலை வேண்டாம். ஒரு பையில் போட்டுப் பக்கத்துப் பஞ்சர் கடைக்குக் கொண்டுபோனால் பத்து, இருபது ரூபாய்க்குக் காற்றடித்துக் கொடுப்பார்கள்.

திரும்ப மாட்டும்போது, ஆக்ஸிலேட்டரைத் திருகினால் ஏறி இறங்கும் ஸ்லைடின் வெட்டுப்பக்கம் ஏர் ஃபில்டரை நோக்கி இருக்க வேண்டும். மாற்றி மாட்டினால் ஸ்டார்ட் ஆனதும் எஞ்சின் அலறும். மாட்டி முடித்து எஞ்சினை உதைக்கும் முன் ஒருமுறை ஆக்ஸிலேட்டரை முழுக்கத் திருகி விடுங்கள். ஸ்லைடு 'டக்' என்று அடியில் வந்து உட்காரும் சத்தம் கேட்க வேண்டும்.

பெட்ரோலைத் திறந்ததும் ஓவர்ஃப்ளோ குழாயில் வழிந்தால் பதறாதீர்கள். கிண்ணத்தின் பக்கவாட்டில் ஸ்க்ரூ டிரைவர் கைப்பிடியால் மெதுவாகத் தட்டுங்கள், ஊசியில் ஒட்டிய துகள் பெரும்பாலும் விலகிவிடும்.

அதிகமாக உதைத்து எஞ்சினுக்குள் பெட்ரோல் நிறைந்துவிட்டால் டேப்பை மூடி, சோக்கை எடுத்து, ஆக்ஸிலேட்டரை முழுக்கத் திறந்து பிடித்தபடி பத்துப் பதினைந்து உதை விடுங்கள். பிளக்கைத் துடைத்து மாட்டி மறுபடி முயலுங்கள்.

புது கார்புரேட்டர் தேவைப்படுவது உடம்பு விரிசல் விட்டாலோ, ஸ்லைடு தேய்ந்து ஆடினாலோதான். விலை மலிவான நகல் கார்புரேட்டர்களில் ஜெட் அளவு சரியாக இருக்கும் என்று நம்ப முடியாது. என்னைக் கேட்டால் சுத்தம் செய்த பழைய ஒரிஜினல் புது நகலைவிட மேல்.

8. காற்றுக் கசிவு

கார்புரேட்டரை எஞ்சினோடு சேர்க்கும் இடத்தில் ஒரு கறுப்பு இன்சுலேட்டரும், பள்ளத்தில் உட்காரும் ஓ-ரிங்கும் இருக்கும். ஓ-ரிங் பள்ளத்தை விட்டு மேலே எழும்பி நிற்க வேண்டும். விரலால் தடவும்போது ஃப்ளாஞ்ச் (எஞ்சினோடு ஒட்டும் தட்டையான முகம்) மட்டத்தோடு சமமாக இருந்தால் அது காற்றைத் தடுக்காது. இருபது, முப்பது ரூபாய்ப் பொருள். பழசைக் கையில் கொண்டுபோய் அதே அளவில், பெட்ரோல் தாங்கும் ரகமாகப் பார்த்து வாங்குங்கள்.

இன்னொரு காரணம் ஃப்ளாஞ்ச் வளைந்துபோவது. யாரோ ஒருவர் இரண்டு போல்ட்டையும் கண்மூடித்தனமாக இறுக்கியிருப்பார். கண்ணாடித் துண்டின் மேல் நைஸ் உப்புத்தாளை வைத்து ஃப்ளாஞ்ச்சை எட்டு வடிவில் தேயுங்கள். நடுவில் மட்டும் தேயாமல் இருந்தால் வளைந்திருக்கிறது. முழுக்க ஒரே மாதிரி பளபளக்கும்வரை தேய்த்து, தூள் ஒரு துளிகூட உள்ளே இல்லாதபடி கழுவுங்கள். மாட்டும்போது இரண்டு பக்கமும் மாறி மாறிக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்குங்கள்.

கழற்றாமலே கசிவைக் கண்டுபிடிக்க, எஞ்சின் ஓடும்போது இணைப்பைச் சுற்றிச் செடிக்குத் தண்ணீர் தெளிக்கும் ஸ்ப்ரேயால் லேசாகத் தெளியுங்கள். சத்தம் மாறினால் அங்கே காற்று இழுக்கிறது. சிலர் இதற்குப் பெட்ரோலோ கார்ப் கிளீனரோ அடிப்பார்கள். பக்கத்திலேயே சூடான சைலன்சர் இருக்கிறது, அந்த வேலை வேண்டாம்.

9. ஐடில் செட்டிங்

மேலே சொன்ன எல்லாம் முடிந்த பிறகுதான் ஸ்க்ரூவைத் தொட வேண்டும். ஸ்டார்ட் ஆகாத வண்டியில் முதலில் ஸ்க்ரூவைத் திருகிப் பார்ப்பதுதான் எல்லோரும் செய்வது. அதனால் ஒரு கோளாறு இரண்டாகிவிடுகிறது.

மிக்சர் ஸ்க்ரூ எந்த வகை என்று பாருங்கள். ஸ்லைடுக்கு ஏர் ஃபில்டர் பக்கம் இருந்தால் அது காற்றைக் கட்டுப்படுத்துகிறது, வெளியே திருகினால் காற்று கூடும். எஞ்சின் பக்கம் இருந்தால் பெட்ரோல் கலவையைக் கட்டுப்படுத்துகிறது, வெளியே திருகினால் பெட்ரோல் கூடும். இது தெரியாமல் திருகினால் எதிர்த்திசையில் போய்க்கொண்டிருப்பீர்கள்.

எஞ்சினைப் பத்து நிமிடம் ஓட்டிச் சூடாக்குங்கள். நீங்கள் எழுதி வைத்த சுற்று எண்ணிக்கையில் மிக்சர் ஸ்க்ரூவை வையுங்கள். எழுதி வைக்கவில்லை என்றால் ஒன்றரைச் சுற்றில் தொடங்கலாம். ஐடில் ஸ்க்ரூவால் அணையாத அளவுக்கு வேகத்தை வைத்து, மிக்சர் ஸ்க்ரூவைக் கால் சுற்றுக் கால் சுற்றாக இரு பக்கமும் திருப்பி, எஞ்சின் வேகமாகவும் சீராகவும் ஓடும் இடத்தைக் கண்டுபிடியுங்கள். ஒவ்வொரு திருப்பலுக்கும் பத்து விநாடி பொறுங்கள். அந்த இடத்தில் விட்டுவிட்டு ஐடில் ஸ்க்ரூவால் வேகத்தை 1,400 ஆர்.பி.எம். அளவுக்கு இறக்குங்கள், நூறு கூடக் குறைய இருக்கலாம். ஆக்ஸிலேட்டரைச் சட்டென்று திருகி விடுங்கள். திணறாமல் ஏறி, அணையாமல் ஐடிலுக்குத் திரும்பினால் முடிந்தது.

மிக்சர் ஸ்க்ரூவை முழுக்க உள்ளே திருகினாலும், மூன்று சுற்று வெளியே எடுத்தாலும் எஞ்சினில் எந்த மாற்றமும் இல்லையென்றால் ஸ்லோ வழி இன்னும் அடைத்துத்தான் இருக்கிறது. 7-ஆம் படிக்குத் திரும்புங்கள்.

10. டேப்பெட்டும் கம்ப்ரஷனும்

டேப்பெட்டை எஞ்சின் முழுக்க ஆறிய பிறகுதான் பார்க்க வேண்டும், காலை நேரம் நல்லது. மேக்னெட்டில் உள்ள 'டி' குறியை நேராக வைத்து, இரண்டு வால்வும் தளர்ந்திருக்கும் நிலையில் அளக்க வேண்டும். பழைய ஸ்ப்ளெண்டருக்கு உள்ளிழுக்கும் வால்வு, வெளியேற்றும் வால்வு இரண்டுக்கும் 0.05 மி.மீ. இவ்வளவு சிறிய இடைவெளி என்பதால் சத்தம் வரக் கூடாது என்று கொஞ்சம் இறுக்கினாலே சூட்டில் வால்வு முழுக்க மூடாது. சூடானதும் நிற்கும் வண்டிகளில் இதுதான் அடிக்கடி காரணம். டேப்பெட் சத்தம் கொஞ்சம் கேட்பது ஆபத்தில்லை, சத்தமே இல்லாததுதான் ஆபத்து.

கம்ப்ரஷனை, அதாவது சிலிண்டருக்குள் உண்டாகும் அழுத்தத்தை, உணர பிளக் துளையில் கட்டைவிரலை அழுத்தி வைத்துக்கொண்டு, வேறொருவரை உதைக்கச் சொல்லுங்கள். விரலைத் தள்ளிக்கொண்டு காற்று வெளியேற வேண்டும். இல்லையென்றால் ஒரு டீஸ்பூன் எஞ்சின் ஆயிலைத் துளையில் விட்டு மறுபடி பாருங்கள். அழுத்தம் கூடினால் பிஸ்டன் ரிங், கூடவில்லை என்றால் வால்வு. இரண்டுமே எஞ்சினைத் திறக்கும் வேலை.

11. பட்டறைக்குக் கொண்டுபோகும்போது

எதையெல்லாம் சோதித்தீர்கள், என்ன தெரிந்தது என்று ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள். "பெட்ரோல் வருது, பொறி நீலமா வருது, ஸ்லோ ஜெட் சுத்தம் பண்ணிட்டேன், கம்ப்ரஷன் இல்ல" என்று சொன்னால் நல்ல மெக்கானிக் மகிழ்ச்சியோடு கேட்பார். வேலையும் அங்கிருந்தே தொடங்கும். மாற்றும் பாகத்தின் பழசைத் திரும்பக் கேட்டு வாங்குங்கள். எஞ்சினைத் திறக்க வேண்டும் என்றால், என்னென்ன மாற்ற வேண்டும், லேத் கூலி எவ்வளவு என்று முன்கூட்டியே எழுதி வாங்குங்கள்.

பாகம் வாங்கப் போகும்போது ஆர்.சி. நகலும் பழைய பாகமும் கையில் இருக்கட்டும். தயாரித்த மாதமும் வருடமும் ஆர்.சி.யில் இருக்கும். ஒரே பெயரில் பல மாடல் வந்திருப்பதால் அதைப் பார்த்துத்தான் சரியான பாகம் எடுக்க முடியும். சென்னையில் இருப்பவர்களுக்குப் புது பாகத்துக்கு ஜி.பி. ரோடு, பழைய ஒரிஜினல் பாகத்துக்குப் புதுப்பேட்டை. புதுப்பேட்டையில் காயில், சி.டி.ஐ. வாங்கினால் கடையிலேயே சோதித்துக் காட்டச் சொல்லுங்கள்.

12. ரோட்டில் எடுக்கும் முன் பேப்பர்கள்

வண்டி ஓடத் தொடங்கியதும் தெருவைத் தாண்டி ஒரு ரவுண்டு போகத் தோன்றும். இன்சூரன்ஸ் இல்லாமல் பிடிபட்டால் முதல் முறைக்கே 2,000 ரூபாய் அபராதம். விபத்து நடந்தால் இழப்பீடு முழுவதும் உங்கள் தலையில். குறைந்தது தேர்டு பார்ட்டி எடுத்துவிட்டு வெளியே போங்கள்.

அடுத்து புகைச் சான்று. பைக்குக்கான புகைச் சோதனை ஐடிலில் வைத்துத்தான் நடக்கிறது, அதனால் 9-ஆம் படியை ஒழுங்காகச் செய்தவர்களுக்குப் பிரச்சினை இருக்காது. 2000 மார்ச் 31-க்குப் பிறகு தயாரான நான்கு ஸ்ட்ரோக் பைக்குக்கு கார்பன் மோனாக்சைடு 3.5 சதவீதம், ஹைட்ரோகார்பன் 4,500 பி.பி.எம். என்பது வரம்பு. ரசீதில் கார்பன் மோனாக்சைடு வரம்பை ஒட்டி வந்தால் மிக்சரில் பெட்ரோல் அதிகம் என்று பொருள், கால் சுற்றுத் திருத்துங்கள். பி.எஸ்.4-க்கு முந்தைய வண்டிகளுக்குச் சான்று ஆறு மாதம்தான் செல்லும்.

பதிவு செய்து 15 ஆண்டு முடிந்திருந்தால் ஆர்.சி.யைப் புதுப்பிக்க வேண்டும். படிவம் 25-ஐ பரிவாகன் தளத்தில் நிரப்பலாம். காலாவதிக்கு 60 நாள் முன்பிருந்தே விண்ணப்பிக்க முடியும். 15 ஆண்டு கடந்த பைக்குக்குப் புதுப்பித்தல் கட்டணம் 1,000 ரூபாய், 20 ஆண்டைக் கடந்திருந்தால் 2,000. பசுமை வரி தனி. இன்சூரன்ஸ், புகைச் சான்று இரண்டும் நடப்பில் இருந்தால்தான் விண்ணப்பம் நகரும், ஆகவே அவற்றை முதலில் முடியுங்கள். புதுப்பித்தது ஐந்தாண்டு செல்லும். ஆர்.சி. அப்பா பெயரில் இருந்து அவர் காலமாகியிருந்தால் படிவம் 31 கொடுத்துப் பெயர் மாற்றவும் வேண்டும்.

ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் ஆய்வாளர் வண்டியை நேரில் பார்ப்பார். ஹெட்லைட், பிரேக் லைட், இண்டிகேட்டர், ஹாரன், நம்பர் பிளேட், டயர் எல்லாம் முதல் நாளே சரி பாருங்கள். சேசிஸ் எண்ணை ஆர்.சி.யோடு ஒப்பிடுவார்கள். பழைய வண்டியில் ஹேண்டில் கழுத்தில் இருக்கும் அந்த எண்ணின் மேல் மண்ணும் துருவும் ஏறியிருக்கும். டீசல் நனைத்த துணியால் துடைத்து வையுங்கள். தேய்க்க உப்புத்தாள் எடுக்காதீர்கள், எண் அழிந்தால் வண்டி யாருடையது என்று நிரூபிக்க அலைய வேண்டி வரும்.